வாசகர் கேள்வி – பதில்: புது விறகு அடுப்பை எப்படிப் பார்த்து வாங்குவது?

விறகு அடுப்பு வாங்குவது குறித்தும், வாங்கியதைச் சரிபார்ப்பது குறித்தும் வந்திருக்கும் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனாலும் தோப்பில் விழும் தென்னை மட்டையும் கழித்துப் போடும் கிளைகளும் வீணாகின்றன. குளிக்க வெந்நீர் போடவும், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைக்கவும் இரும்பில் செய்த விறகு அடுப்பு ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். கடையில் வகை வகையாக வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் புகையே வராது என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: புகையே வராத விறகு அடுப்பு இதுவரை யாரும் செய்யவில்லை. புகையைக் குறைக்கும் அடுப்பும் விறகைக் குறைவாகத் தின்னும் அடுப்பும் உண்டு. அவற்றை அடையாளம் காண முடியும். கடையில் நம் கண் முதலில் வெளித்தகட்டின் பளபளப்பிலும் கைப்பிடியிலும் நிற்கிறது. அடுப்பின் தரத்தைத் தீர்மானிப்பதோ, காற்று உள்ளே நுழைந்து, தீயோடு கலந்து, பாத்திரத்தின் அடியைத் தழுவி வெளியேறும் வழி. ஆகவே கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடுப்பைச் சாய்த்து, அதன் வாயையும் அடியையும் முதலில் பாருங்கள்.

விறகு வைக்கும் இடத்தில் சல்லடைத் தட்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். விறகு தரையில் படிந்து கிடந்தால் அதன் அடியில் காற்று புகாது. கால் மணி நேரத்தில் சாம்பல் மூடி, தீ மங்கி, புகை கிளம்பத் தொடங்கும். தட்டின் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்காவது இடைவெளியும், சாம்பலை எரியும்போதே இழுத்து எடுக்க ஒரு தட்டும் இருப்பது நல்லது. சல்லடைத் தட்டு கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த விறகு அடுப்பிலும் முதலில் வெந்து வளைந்து போவது அதுதான். மாற்றுத் தட்டு தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது தீ எரியும் அறை. இன்று விற்கும் நல்ல அடுப்புகளில் பல, 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி வகுத்த 'ராக்கெட்' அமைப்பின் வழி வந்தவை. விறகு பக்கவாட்டில் நுழைகிறது. தீ செங்குத்தான ஒரு குழாய்க்குள் மேலெழுகிறது. குழாயைச் சுற்றி வெப்பத்தைக் கடத்தாத ஒரு பொருள் நிரப்பப்பட்டிருக்கிறது. உள்ளறை சூடாகவே இருப்பதால் புகையாகப் போக வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே எரிந்துவிடுகிறது. எனவே உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒற்றைத் தகட்டை வளைத்து ஓட்டை போட்டுக் கால் வைத்த அடுப்பு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்கத் தகுந்ததன்று என்பது என் கருத்து. அது மூன்று கல் அடுப்பைவிடப் பெரிதாக விறகை மிச்சப்படுத்தாது. போகிற வருகிற குழந்தையின் காலைச் சுடவும் செய்யும்.

உலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. தகட்டைத் தீ படும் உள்ளறைக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்த அடுப்பை எடுக்காதீர்கள். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும். தொடர்ந்து சூடேறினால் வரும் ஆவியைச் சுவாசிப்பவர்களுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். எவர்சில்வர் அடுப்பு என்றால் சிலர் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றவுடன் உயர்ந்த 304 ரகம் என்று நிம்மதி அடைகிறார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆகவே ரகத்தின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு. வெல்டிங் மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒட்டி இடையில் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடங்களில்தான் முதல் விரிசல் விழும்.

பாத்திரம் உட்காரும் குமிழ்களையும் மறந்துவிடக் கூடாது. புகைபோக்கி இல்லாத அடுப்பில் பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவுக்கு வழி வேண்டும். அதற்குக் குறைந்தால் தீ மூச்சுத் திணறி வாய்வழியே புகையைத் துப்பும். மிக அதிகமானால் சூடு பாத்திரத்தைத் தொடாமலே பக்கவாட்டில் ஓடிவிடும். நீங்கள் வெந்நீர் போடும் அண்டாவையே கடைக்கு எடுத்துச் சென்று, பாதி தண்ணீர் ஊற்றி வைத்து, பக்கவாட்டில் லேசாக இடித்துப் பாருங்கள். ஆடும் அடுப்பு எவ்வளவு சிக்கனமானதாக இருந்தாலும் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து ஏற்படும் காயத்துக்கு எந்தச் சிக்கனமும் ஈடாகாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். எடுத்துச் செல்லக்கூடிய விறகு அடுப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கும் தரத்தின் எண் ஐ.எஸ். 13152. 2013-இல் திருத்தப்பட்ட அந்தத் தரத்தின்படி, இயல்பான காற்றோட்டத்தில் எரியும் அடுப்பு விறகின் வெப்பத்தில் குறைந்தது 25 விழுக்காட்டையும், விசிறி வைத்த அடுப்பு 35 விழுக்காட்டையும் பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும். புகைத்துகளுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனியே உச்சவரம்பு உண்டு.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,465 கிலோ ஜூல் வெப்பம் தேவை. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15,000 கிலோ ஜூல் இருக்கிறது. 25 விழுக்காடு திறனுள்ள அடுப்பு 400 கிராம் விறகில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். பத்துப் பதினைந்து விழுக்காட்டில் எரியும் அடுப்புக்கு 650 கிராம் முதல் ஒரு கிலோ வரை தேவைப்படும். பாத்திரத்தை மூடி வைத்து, எடை போட்ட விறகை மட்டும் எரித்து, மிஞ்சியதைத் திரும்ப எடை போட்டுக் கழித்தால் விடை தெரிந்துவிடும். சில்லறைக் கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் நல்ல அடுப்புக்கும் மோசமான அடுப்புக்கும் உள்ள வேறுபாடு மறையாது.

இந்தச் சோதனையை, முடிந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே கடை வாசலில் செய்யச் சொல்லுங்கள். உங்கள் தோப்பு விறகில் ஒரு கைப்பிடியைக் கொண்டுபோய் ஏற்றுங்கள். பற்ற வைத்த முதல் சில நிமிடங்களில் புகை வருவது இயல்பு. பத்து நிமிடம் கழித்தும் வாய்வழியே புகை திரும்பி வந்தாலோ, ஒவ்வொரு முறையும் ஊதுகுழலை எடுக்க வேண்டியிருந்தாலோ அந்த அடுப்பைத் திருப்பித் தந்துவிடலாம்.

கடைசியாக விறகு. பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராகவே இருக்கலாம். அந்த ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க, ஒரு கிலோ காய்ந்த விறகு தரும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு செலவாகிறது. மழைக்கு முன்பே பிளந்து, தாழ்வாரத்தில் அடுக்கிக் காயவைத்த விறகில்தான் எந்த அடுப்பும் தன் தரத்தைக் காட்டும். தென்னை மட்டை வேகமாக எரிந்து தீரும், அடிக்கடி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அதோடு ஒன்றிரண்டு கனமான கட்டைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலியோரம் வெட்டிப்போட்ட அரளியை மட்டும் எரிக்காதீர்கள், அதன் புகையும் நஞ்சு. வண்ணம் அடித்த பலகை, பிளைவுட் துண்டு ஆகியவற்றுக்கும் இதே விதி. அடுப்பை எப்போதும் திறந்த தாழ்வாரத்திலோ கூரைக்கு வெளியிலோ வையுங்கள். முத்திரை பெற்ற அடுப்பும் மூடிய அறைக்குள் புகையைத் தேக்கத்தான் செய்யும்.

கேள்வி: 1980-களில் எங்கள் பாட்டி வீட்டில் அரசுத் திட்டத்தில் இரண்டு குழி உள்ள புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே சமையலறை முழுக்க மீண்டும் புகை நிறைந்தது. இப்போது கிராமத்து வீட்டைப் புதுப்பிக்கும்போது புகைபோக்கியோடு மண் அடுப்பு கட்ட விரும்புகிறோம். கொத்தனார் கட்டி முடித்ததும் எப்படிச் சரிபார்ப்பது?
(வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: புகைபோக்கி வைத்த மண் அடுப்பு நம் நாட்டில் 1950-களிலேயே ஐதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜு அவர்களின் முயற்சியால் பரவத் தொடங்கியது. நீங்கள் சொல்லும் தேசியத் திட்டம் 1983-இல் தொடங்கி 2002-இல் முடிந்தது. அந்த அடுப்புகள் பல வீடுகளில் கைவிடப்பட்டதற்கு அடிப்படை அமைப்பைக் குறை சொல்வதைவிட, கட்டியபின் நடந்தவற்றைப் பார்ப்பதே சரி. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய யாரும் கற்றுத்தரவில்லை; பெரிய கட்டை நுழைய வேண்டும் என்று வாயை இடித்து அகலப்படுத்தினார்கள்; குழிகளின் அளவு வீட்டுப் பானைகளின் அளவோடு பொருந்தவில்லை; விரிசல்களைப் பூசிவிட ஆள் வரவில்லை.

ஆகவே கொத்தனார் மண் குழைக்கும் முன்பே நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பாத்திரங்களை அவர் முன் வையுங்கள். இங்கே முந்தைய பதிலில் சொன்னதற்கு நேர் எதிரான விதி பொருந்தும். புகைபோக்கி உள்ள அடுப்பில் பாத்திரம் குழியை இடைவெளியின்றி அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சந்து இருந்தால் புகைபோக்கி அந்தச் சந்து வழியே அறைக்காற்றை உறிஞ்சும், தீயின் இழுவை குறையும். குமிழ் வைத்துப் பழகிய கை, புகைபோக்கி அடுப்பிலும் குமிழ் வைத்துவிடும். இதை நின்று பார்த்துத் தடுங்கள்.

இரண்டாவது குழியின் அடியில் மண்ணை மேடாக எழுப்பியிருக்க வேண்டும். அப்போதுதான் சூடான காற்று பானையின் அடியை உரசிச் செல்லும். மேடு இல்லாவிட்டால் முதல் பானை கொதிக்கும்போது இரண்டாவது வெதுவெதுப்பாகவே நிற்கும், வீட்டில் இருப்பவர்கள் அந்தக் குழியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுவார்கள்.

புகைபோக்கி வளைவில்லாமல் நேராக ஏறி, கூரையைத் தாண்டி குறைந்தது இரண்டடி உயர்ந்து, மழை இறங்காத ஒரு தொப்பியோடு முடிய வேண்டும். அடியில் கரியை எடுக்க ஒரு சிறு வாயில் வைக்கச் சொல்லுங்கள். பழைய அடுப்புகள் பலவற்றில் இல்லாமல் போனது இதுதான். கல்நார் கலந்த சிமெண்ட் குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று கொத்தனார் சொல்லலாம். அதை அறுத்தாலும் துளையிட்டாலும் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் சுட்ட மண் குழாயோ இரும்புக் குழாயோ போதும் என்று சொல்லிவிடுங்கள். ஓலை, மூங்கில், மரச்சட்டம் ஆகியவற்றின் ஊடாகக் குழாய் செல்லும் இடத்தில் இடைவெளி விட்டுத் தகட்டு வளையம் பொருத்துவது கட்டாயம்.

கட்டி முடித்தவுடன் ஏற்றிவிடாதீர்கள். நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயவிட்டு, பிறகு சில நாள் சுள்ளித் தீ மட்டும் மூட்டி, தெரியும் விரிசல்களை மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுங்கள். அதன்பின் இரண்டு குழிகளிலும் தண்ணீர் நிறைந்த பாத்திரங்களை வைத்து, தீ நன்றாகப் பிடித்ததும் ஈரமான தேங்காய் நார் ஒரு பிடியை உள்ளே தள்ளுங்கள். அடர்ந்த புகை எழும். அது பானை விளிம்பில் கசிகிறதா, குழாய் மூட்டில் கசிகிறதா, கூரைக்கு மேலே ஒழுங்காகப் போகிறதா என்று ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று பாருங்கள். சமையலறையில் காற்று வெளியேற்றும் விசிறி பொருத்தியிருந்தால் இதே சோதனையை அதை ஓடவிட்டும் செய்யுங்கள். சன்னல்களை மூடிக்கொண்டு அந்த விசிறியை ஓடவிட்டால், புகைபோக்கி வழியே புகை கீழே இறங்கி வரும். புது வீடுகளில் 'அடுப்பு சரியில்லை' என்று சொல்லப்படும் குறைகளில் சில இந்த விசிறியால் வருபவை.

கேள்வி: விசிறியும் பேட்டரியும் வைத்த விறகு அடுப்பை வாங்கலாமா? தீ எரிவாயு போல நீலமாக எரிகிறது என்கிறார்களே!
(வாசகர், கரூர்)

பதில்: நன்றாகச் செய்யப்பட்ட விசிறி அடுப்பு விறகையும் புகையையும் வெகுவாகக் குறைக்கும் என்பது உண்மை. கீழிருந்து வரும் காற்று விறகைக் கனியச் செய்கிறது, அறையின் மேல் விளிம்பில் உள்ள துளைகளின் வழி வரும் காற்று அந்த வாயுவை எரித்துவிடுகிறது. அந்தத் துளைகள் சுற்றிலும் சீராக, அடைப்பின்றி இருக்கின்றனவா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். விசைக் குமிழைத் திருப்பினால் தீயின் உயரம் உடனே மாற வேண்டும்.

ஆனால் வாங்கும் முன் வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: விறகைத் தினமும் விரல் நீளத் துண்டுகளாக யார் வெட்டித் தருவது? மேலிருந்து நிரப்பும் இத்தகைய அடுப்புகள் பல நீண்ட கட்டையை ஏற்காது. வில்லைகளாக அழுத்திய எரிபொருளை மட்டுமே ஏற்கும் அடுப்பு என்றால், அந்த வில்லை உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வில்லை கிடைக்காமலோ விலை ஏறியோ மூலைக்குப் போன அடுப்புகள் ஏராளம். விசிறியும் பேட்டரியும் சாதாரண மின்பொருள் கடையில் கிடைக்கும் அளவில் இருந்தால் நல்லது. சமையல் முடிந்ததும் விசிறியை உடனே நிறுத்த வேண்டாம். தணல் அடங்கும்வரை ஓடவிட்டால்தான் சூடு கீழே இறங்கி விசிறியை உருக்காமல் இருக்கும்.

கேள்வி: நீலகிரியில் புதிதாகக் குடியேறியிருக்கிறோம். இரவில் குளிருக்குச் சிறிய விறகு அடுப்பு ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளலாமா? கரியை மட்டும் போட்டால் புகை வராது அல்லவா?
(வாசகி, குன்னூர்)

பதில்: கூடாது. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கரித்தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழித்துக்கொள்ள எந்த அறிகுறியும் தராமல் உயிரைப் பறிக்கும். வட மாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துப் படுத்த குடும்பங்கள் இறந்த செய்தி வருகிறது. சமையலுக்கான அடுப்பு எதையும் அறை சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் பழைய கணப்பு இருந்தால், அதன் புகைபோக்கியைத் துப்புரவு செய்து, பறவைக் கூடு அடைக்கவில்லை என்று உறுதி செய்தபின் அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: கனடாவில் நகரத்துக்கு வெளியே வீடு வாங்கியிருக்கிறோம். குளிர்காலத்தில் மின்சாரம் போய்விடுவதால் வீட்டைச் சூடாக்க விறகு அடுப்பு பொருத்த எண்ணுகிறோம். கடையில் எதைப் பார்ப்பது, பொருத்தியபின் யாரைக் கொண்டு சரிபார்ப்பது?
(வாசகர், ஒன்டாரியோ)

பதில்: அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு இடங்களில் பேசிவிடுங்கள். ஒன்று உங்கள் நகராட்சி, ஏனென்றால் ஒன்டாரியோவில் விறகு அடுப்பு பொருத்தக் கட்டட அனுமதி தேவை. மற்றொன்று உங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனம். சொல்லாமல் பொருத்திய அடுப்பால் தீ விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைப்பது கடினம். விறகு அடுப்புகளைப் பொருத்துவோருக்கும் ஆய்வு செய்வோருக்கும் பயிற்சி தரும் 'வெட்' (WETT) என்ற அமைப்பின் சான்று பெற்ற ஆய்வாளரின் அறிக்கையைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன.

கடையில் முதலில் அடுப்பின் பின்புறத்தில் பொருத்திய உலோகத் தகட்டைப் படியுங்கள். சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவுகள் அதில் இருக்கும். உங்கள் அறையில் அந்த இடம் இல்லை என்றால் மற்ற எந்தச் சிறப்பும் பயன்படாது. சான்றுத் தகடு இல்லாத பழைய அடுப்பை எரியக்கூடிய சுவரிலிருந்து 1,200 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பதால், மலிவாகக் கிடைக்கும் பழைய அடுப்பு பாதி அறையை விழுங்கிவிடும். புகையின் அளவையும் பாருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 மே 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரம்பு, மணிக்கு 2.0 கிராம் துகள். பிளந்த விறகால் சோதித்தால் 2.5 கிராம். கனடாவில் விற்கும் அடுப்புகள் பலவற்றிலும் இந்த முத்திரை இருக்கும்.

பெரிய அடுப்பாக வாங்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அறைக்கு மிஞ்சிய அடுப்பின் சூடு தாங்காமல் வீட்டில் இருப்பவர்கள் காற்றை அடைத்து, விறகை நாள் முழுதும் புகையவிடுகிறார்கள். அந்தப் புகை புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போலப் படிந்து, ஒருநாள் தானே தீப்பற்றுகிறது. புகைபோக்கித் தீக்கு இதுவே முதன்மையான காரணம் என்பதால் விற்பவர் சொல்லும் பரப்பளவைவிட உங்கள் அறையின் அளவை நம்புங்கள்.

கதவின் இறுக்கத்தை ஒரு தாள் துண்டைக் கொண்டு சோதிக்கலாம். தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். நான்கு பக்கமும் அது எளிதில் வரக் கூடாது. வழுக்கி வரும் இடத்தில், கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் கயிற்றுப் பட்டை சரியாக உட்காரவில்லை என்று பொருள். உள்ளே தீச்செங்கற்கள் உடையாமல் இருக்கின்றனவா, மேலே தீயைத் திருப்பிவிடும் தடுப்புப் பலகையில் விரிசல் இல்லையா, காற்று நெம்புகோல் முழு நீளமும் தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து இறங்கும்போதும் இதையெல்லாம் மறுபடி பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்திடுங்கள், ஏனென்றால் செங்கல்லும் தடுப்புப் பலகையும் பயணத்தில் எளிதில் உடையும்.

பொருத்துவதற்கான விதிகள், கனடியத் தர அமைப்பான சி.எஸ்.ஏ. வகுத்த பி365 என்ற நெறியில் இருக்கின்றன. கதவுக்கு முன்னால் 450 மில்லிமீட்டரும் மற்ற பக்கங்களில் 200 மில்லிமீட்டரும் எரியாத தரை விரிப்பு நீண்டிருக்க வேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 900 மில்லிமீட்டரும், 3 மீட்டர் சுற்றுக்குள் உள்ள எதையும்விட 600 மில்லிமீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும். ஆய்வாளர் வரும் நாளில் கூடவே இருந்து இந்த அளவுகளை நாடா வைத்து அளப்பதைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகில் இருப்பது சட்டப்படி தேவையானது.

விறகை இந்த ஆண்டு வாங்கி இந்த ஆண்டே எரிக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மேப்பிள் பிளந்து அடுக்கி ஓராண்டாவது காய வேண்டும், ஓக் அதைவிட நீண்ட காலம் எடுக்கும். ஈரமானியை வெளிப்புறத்தில் குத்தினால் தவறான அளவு வரும். கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள், 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் சில தீக்களைச் சிறியதாகவே மூட்டி, சன்னலைத் திறந்து வையுங்கள். வண்ணப்பூச்சு இறுகும்போது எழும் நாற்றம் அதற்குள் தீர்ந்துவிடும். ஆய்வறிக்கை, அனுமதிச் சீட்டு, அடுப்பின் கையேடு மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் வீட்டை விற்கும்போதும் அவற்றைக் கேட்பார்கள்.